கேட்காமல் போகிற பாதை

ஐசக் டைசனுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் ஊரில் அவருக்கு மரியாதை வந்தது. அதுவரை நானும் என் கணவரும் நடத்துகிற பப்பில் கணப்பின் சூடு எட்டாத மூலையில் தனியாக உட்கார்ந்து, தனியாகக் குடித்து, தனியாக எழுந்து போவார். காரணம் பழைய விஷயம். இன்று ஊரில் எதற்கும் முன்னால் நிற்கிற லான்ஸ் ஃபாசெட்டின் அப்பா, அடுத்தவர் ஆடுகளின் காதில் இருந்த அடையாள வெட்டைத் திருத்தி வெட்டித் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டார். ஐசக் அதைப் பார்த்தார், கோர்ட்டில் போய்ச் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆட்டுக் காதைப் பற்றி வெளியாளிடம் வாய் திறந்தவனோடு எங்கள் ஊரான திரெல்பெக்கில் யாரும் உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள். அவர் மனைவி எஸ்தருக்கும் அதே தண்டனைதான். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், அவள் வெளியே போனதும் மறுபடி தொடங்கும்.

நான் அவளோடு பேசுவேன். நான் பிரெஸ்டன் நகரத்திலிருந்து எட்வினைக் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் வந்தவள்தான். வந்தவள் யாரோடு பேசினாலும் ஊர் கண்டுகொள்ளாது. அதில் இப்படி ஒரு சௌகரியம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லான்ஸ் ஃபாசெட் இரண்டு குவளை பீர் வாங்கி, ஒன்றைக் கொண்டுபோய் ஐசக்கின் முன்னால் வைத்தான். பப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்ன ஐசக்கு, இப்படித் தள்ளி உக்காந்திருக்கே? நெருப்புப் பக்கம் வாப்பா, குளிருதுல்ல."

ஐசக் குவளையைப் பார்த்தார். "இதுல என்னத்த கலந்திருக்கே?"

"பீருல என்னத்த கலப்பாங்க? குடிப்பா."

"முப்பது வருஷமா குளிரலயா எனக்கு?"

"பழசை விடு. எங்கப்பனும் போயிட்டான், அந்த ஆடுங்களும் போயிடுச்சு."

"நானும் போகப்போறேன். அதான் வந்திருக்கே." ஐசக் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லான்ஸ் மறுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அதுதான்.

விஷயம் இது. எங்கள் ஊர்த் தேவாலயம் ரொம்பப் பழையது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டியபோது, ஜெபம் செய்துகொள்ளலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், செத்தவரை மட்டும் இங்கே புதைக்கக் கூடாது என்று உத்தரவு. மலைக்கு அந்தப் பக்கம் கிர்க்ஸ்கோ என்ற ஊரில் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. புதைப்பதற்கு வாங்குகிற கட்டணம் கையை விட்டுப் போய்விடும் என்று அந்த மடத்துத் தலைவருக்குக் கவலை. அதனால் திரெல்பெக்கில் யார் செத்தாலும் பெட்டியைத் தோளில் வைத்து, பனியிலும் மழையிலும் மலையேறி, கிர்க்ஸ்கோவுக்குக் கொண்டுபோய்ப் பணம் கட்டிப் புதைக்க வேண்டும். வழியில் பெட்டியை இறக்கிவைக்க நட்ட சுமைதாங்கிக் கற்கள் இன்னும் இருக்கின்றன. பல தலைமுறை கழித்து மடம் இடிந்தது, இங்கேயே புதைக்க அனுமதி வந்தது, எல்லோரும் அப்பாடா என்று அந்தச் சுமையை விட்டொழித்தார்கள். ஒரு பேராசைக்காரனுக்காக எங்கள் ஊர்க்காரர்கள் பட்ட பாடு அது. இன்றைக்கு அதற்குப் பெயர் பாரம்பரியம். 'திரெல்பெக் பிணப்பாதை' என்று துணிப்பையில் அச்சடித்து லான்ஸின் மனைவி தன் டீக்கடையில் விற்கிறாள். கோடைக்காலத்தில் முதுகுப்பையோடு வருகிறவர்கள் அதை வாங்குகிறார்கள், கல்லின் மேல் படுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு எங்கள் பப்பில் வந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் பார்மிட்டர் வந்தார். லண்டனில் எதையோ விற்று, மலையடிவாரத்தில் மேல்பண்ணையை வாங்கினார். பாதை அவர் நிலத்து வழியாகப் போகிறது. ஒரு நாள் காலையில் மலைக்குப் போகிற கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பிணம் போன வழி பொதுவழி, அதை எந்த ராஜாவாலும் அடைக்க முடியாது என்பார்கள். பட்டணத்து வக்கீல் இதைக் கேட்டுவிட்டு, எந்தச் சட்டத்திலும் இப்படி ஒன்று கிடையாது என்று லான்ஸிடம் பொறுமையாகச் சொன்னார். ஜனங்கள் பல காலமாக ஒரு வழியில் யாரையும் கேட்காமல், ஒளிந்து மறையாமல், எதையும் உடைக்காமல் போய்வந்தால்தான் அது உரிமை. அனுமதி கேட்டுப் போனால் அது சலுகை, கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார். கேட்காமல் போவது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அந்தக் கேட்டில் நின்று யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்று இங்கே பிள்ளைகளுக்கு நடக்கும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். லான்ஸ் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டான். பிணத்தைப் பற்றிச் சொன்ன பாதி காதில் ஏறவில்லை. பாதை மீட்புக் கமிட்டி என்று ஒன்று தொடங்கினான், எட்வினையும் அதில் சேர்த்துக்கொண்டான். கமிட்டி முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு பிணம் வேண்டும்.

அந்த வசந்தத்தில் இந்த ஊர்க் கிழடுகளை இவர்கள் பார்த்த பார்வை, சந்தையில் ஆட்டை எடை போடுகிற பார்வை. தபால்காரர் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள், பூங்கொத்து வாங்கி அனுப்பினார்கள். அவள் பிழைத்துத் திரும்பியதும் கமிட்டியே சோர்ந்துபோயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஐசக்குக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது.

அதன்பின் அவருக்கு நெருப்புப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. கையில் குவளை காலியாவதே இல்லை. பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் மனிதர் உருகிவிட்டார். ஒரு சாயங்காலம் எல்லோர் முன்னாலும், "தூக்கிட்டுப் போங்கடா என்னை, கிர்க்ஸ்கோவுக்கே தூக்கிட்டுப் போங்க" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. அவர்கள் தன் சாவுக்குக் கைதட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அது அவருக்கு இனித்தது. ஒரு மனிதனை முப்பது வருஷம் பட்டினி போட்டால் எச்சில் சோறும் விருந்தாகத்தான் தெரியும்.

எஸ்தர் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"மாவிஸ், எங்க பையன் இங்க கல்லறைத் தோட்டத்துல கெடக்கான்டி. பொறந்து ஒரு வாரம்கூட இருக்கல. அவன் பக்கத்துல இவருக்கும் எனக்கும் இடம் வாங்கி வச்சிருக்கோம். மூணு பேரும் ஒண்ணா கெடக்கணும்னு இவருதான் சொன்னாரு அப்ப. இப்ப நாலு குவளை பீருக்கு மலை தாண்டிப் போறேங்கறாரு."

"நீ முடியாதுன்னு சொல்லு. செத்தப்புறம் உன் பேச்சுதானே சட்டம்."

"சொல்லுவேன்," என்றாள்.

ஐசக் செப்டம்பரில் இறந்தார். பெட்டி செய்வதற்குள் கமிட்டி அவள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. லான்ஸ், அவன் மனைவி, பாதிரியார், என் கணவர். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் கேட்டது.

"அவரு வாக்குக் குடுத்தாரும்மா. ஊரே சாட்சி," என்றான் லான்ஸ்.

"எம்பையன் பக்கத்துல அவரு இருக்கணும்."

"இருக்கலாம். வேணாங்கல. ஆனா யோசிச்சுப் பாரு. இந்த ஊரு உங்க ரெண்டு பேரையும் எப்படி வச்சிருந்திச்சு? இன்னிக்கு அவரை ஊரே தோள்ல தூக்கறேங்குது. நீ வேணாங்கறே."

பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாதை தெறந்துட்டா மலை மேல ஏறி எறங்கினா போதும், எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். வாராவாரம் அவரைப் பார்க்கலாம்."

"தெறக்கலேன்னா?"

"பிணம் போனப்புறம் எவன்மா அடைக்க முடியும்?" என்றான் லான்ஸ். "உனக்கு நான் பொறுப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். எட்வின் என்னை முறைத்தார். கடைசியில் அவள் சரி என்றாள். எனக்குத் தெரியும், அவள் பாதைக்காகச் சரி சொல்லவில்லை. கடைக்குள் போனால் நாலு பேர் பேச வேண்டும் என்ற ஆசைக்காகச் சொன்னாள். அதைக்கூட ஆசைப்படக் கூடாதா ஒருத்தி.

சவ ஊர்வலத்துக்கு முந்தைய நாள் லான்ஸ் பெட்டி தூக்குகிற எல்லோரையும் பப்பில் கூட்டிப் பாடம் நடத்தினான். "பூட்டுக்கு முன்னாடி நிக்கணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. அவனே வெக்கப்பட்டுத் தெறப்பான். இல்லேன்னா பெட்டியோட அங்கயே நிப்போம். பேப்பர்காரன் வரான்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் மழை இல்லை. ஊர் முழுக்கக் கறுப்புடையில் பின்னால் நடந்தது. கேட்டில் பூட்டு இல்லை. பார்மிட்டர் கறுப்புக் கோட்டுப் போட்டு, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கல்சுவரோரம் ஒருவன் காமிராவோடும் இன்னொருவன் டேப்ரிக்கார்டரோடும் நின்றார்கள். பேப்பர்காரர்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"என் அனுதாபங்கள்," என்று பார்மிட்டர் தெளிவாக, உரக்கச் சொன்னார். "இன்னிக்கு நீங்க என் நிலத்து வழியா போறதுக்கு நான் சந்தோஷமா அனுமதி தரேன். வாங்க." கேட்டை அவரே முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பெட்டியின் முன்கோடியைத் தாங்கி வந்தவன் லான்ஸ். அவன் கேட்டைத் தாண்டும்போது, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றான்.

அவனுக்குப் பின்னால் எட்வின், "தேங்க்ஸ் சார்." அடுத்தவன், அதற்கடுத்தவன். பிறகு பின்னால் வந்த ஆண், பெண், குழந்தை அத்தனை பேரும் வரிசையாக அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தும்மல் மாதிரி, யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் வாயை அடக்க முடியாது. நானும் சொன்னேன். எஸ்தர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஐசக்கை அன்று கிர்க்ஸ்கோவில் நல்லபடியாகப் புதைத்தோம். பப்பில் பன்றிக்கறி சாண்ட்விச் தீர்ந்துபோகும்வரை பாதைக்கு ஜே போட்டார்கள். மறுநாள் விடிந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது.

லான்ஸ் வக்கீலுக்குப் போன் செய்தான். வக்கீல் என்ன சொன்னார் என்பதை அவன் முகத்தில் பார்த்தோம். பார்மிட்டர் அனுமதி கொடுத்திருக்கிறார், வாங்கிக்கொண்டு ஊரே நன்றியும் சொல்லியிருக்கிறது, அத்தனையும் அவர் ஆட்கள் எடுத்த டேப்பில் இருக்கிறது. ஒரு பிணத்தைச் சுமந்துபோய் இவர்கள் தங்கள் கேஸைத்தான் புதைத்துவிட்டு வந்தார்கள். நான் எட்வினிடம், "உங்க கமிட்டிக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா அதையும் பெட்டில வச்சுப் பொதைச்சிட்டீங்க போல" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் லான்ஸ் விடுகிறவன் இல்லை. அரசாங்கத்துக்கு மனு போட்டான். அவனுக்கு இப்போது பிணம் போதவில்லை, விதவை வேண்டியிருந்தது. புருஷன் மலைக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டி இந்தப் பக்கம், நடுவில் பணக்காரனின் பூட்டு. இதைவிட நல்ல கேஸ் எங்கே கிடைக்கும்? பேப்பர்காரன் வந்தபோது எஸ்தரைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கம்பியைப் பிடித்துக்கொள் என்றார்கள். பிடித்துக்கொண்டாள். லான்ஸின் மனைவி, "கொஞ்சம் கைக்குட்டையைக் கண்ணுக்கிட்ட கொண்டு போம்மா" என்றாள். எஸ்தர் அதையும் செய்தாள்.

தார்ச்சாலை வழியாகக் கிர்க்ஸ்கோ போக வேண்டுமென்றால் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏரியைச் சுற்றி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏற வேண்டும். காரில் ஒன்றரை மணி நேரம். பஸ் எப்போதோ நின்றுவிட்டது. எஸ்தர் லான்ஸிடம் போய், ஒரு தரம் காரில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

"அதான்மா முடியாது," என்றான். "நீ கார்ல போய்ட்டு வந்தேன்னு வச்சுக்கோ. அவன் வக்கீல் என்ன கேப்பான்? கார்ல போக முடியுதுல்ல, அப்புறம் பாதை எதுக்குன்னு கேப்பான். கொஞ்சம் பொறுத்துக்க. விசாரணை முடியட்டும்."

"அவரு அங்க தனியா கெடக்காரு, லான்ஸ்."

"எங்கயும் போயிட மாட்டாரு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். எட்வின் வேன் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். "கமிட்டில எம்பேரு இருக்கு. நாளைக்கு நம்ம பப்புல யாரு குடிப்பா, பிரெஸ்டன்காரனா வந்து குடிப்பான்?" என்றார். டாக்சிக்குப் போன் செய்தேன். டாக்சி ஓட்டுகிறவன் லான்ஸின் மைத்துனன். வண்டி ரிப்பேர் என்றான். மாதக்கணக்கில் அந்த வண்டி ரிப்பேராகவே ஓடிக்கொண்டிருந்தது.

பார்மிட்டர் ஒரு முறை அவளைக் கடைவாசலில் பார்த்து நின்றார். "மிசஸ் டைசன், நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும்." அவர் நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கேட்டால் அவர் கேஸ் ஜெயிக்கும், அதற்காகச் சொன்னார். கமிட்டிக்கும் அது தெரியும். அன்று சாயங்காலமே நாலு பேர் அவள் வீட்டுக்குப் போனார்கள். கேட்டுவிடாதே, கேட்டால் ஊருக்குத் துரோகம், ஐசக் கோர்ட்டில் செய்ததை நீயும் செய்யப்போகிறாயா என்றார்கள். அவள் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க, இவர்களுக்காக, தன் புருஷனின் கல்லறையைப் பார்க்காமல் இருந்தாள். கடையில் அவளோடு பேசினார்கள். அதுதான் கூலி.

பிப்ரவரியில் கிர்க்ஸ்கோவிலிருந்து ரொட்டி வண்டிக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். புதிய குழியில் மண் உள்வாங்கிவிட்டதாம், வேலி ஓட்டை வழியாக ஆடுகள் வந்து அதன் மேல் படுக்கின்றனவாம். நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. அவள் அழவில்லை. "எவ்வளவு உள்வாங்கியிருக்கு? முழங்கால் ஆழம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் பாதையைப் பார்வையிட அரசாங்க ஆய்வாளர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி, முகத்தில் எதுவும் தெரியாது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஊர் கூடி நின்றது. அந்தப் பக்கம் பார்மிட்டரும் அவர் வக்கீலும். லான்ஸ் நீட்டி முழக்கிப் பேசினான். மடத்துக் காலத்தில் தொடங்கி, தோள் மேல் தோள் வைத்துச் சுமந்த முன்னோர்கள், கல்லில் படிந்த கண்ணீர் எல்லாம் வந்தது. கடைசியில் எஸ்தரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"இந்தம்மா புருஷன் அந்தப் பக்கம் கெடக்காரு மேடம். குழி மூடாத கல்லறை. ஒரு பிடி மண் போட இவங்களால முடியல. இவரு பூட்டு விடல."

குழி உள்வாங்கியது அவனுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எஸ்தருக்குத் தெரிந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தும் அவன் ஒரு மண்வெட்டியோடு அங்கே போகவில்லை, இந்த நாளுக்காக அதைப் பத்திரமாக வைத்திருந்தான்.

"இவர் உங்களைப் போகக் கூடாதுன்னு தடுத்தாரா?" என்று ஆய்வாளர் எஸ்தரிடம் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எஸ்தர் கேட்டின் கம்பி வழியாகப் பார்மிட்டரைப் பார்த்தாள்.

"சார், நான் எங்க வீட்டுக்காரரைப் பார்க்கப் போகலாமா? தயவு செஞ்சு விடுங்க."

யாரோ ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். பார்மிட்டர் தொப்பியைக் கழற்றினார், பூட்டைத் திறந்தார். எஸ்தர் உள்ளே போனாள். மண் அள்ளுகிற ஒரு சின்னத் தோட்டக் கரண்டி அவள் கோட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை அப்போது எல்லோரும் பார்த்தோம். அவள் திரும்பிப் பார்க்காமல் மலையில் ஏறி மறைந்தாள். ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்றோடு கடையில் அவளுக்குப் பேச்சு நின்றது. இந்த முறை அவளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுக்குப் போவாள், கேட்பாள், அவர் திறப்பார். குழியை நிரப்பிப் புல் வைத்தாள். வேலி ஓட்டையைத் தானே கம்பி போட்டு அடைத்தாள். மத்தியானம் திரும்பி வந்து மகன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் அந்த வசந்தத்தில் இருந்த மாதிரி நான் அவளை எப்போதும் பார்த்ததில்லை. முகமே மாறிவிட்டது. "அவருகிட்ட திட்டித் தீர்த்துட்டேன்டி, இப்ப சமாதானமாயிட்டோம்" என்றாள் என்னிடம்.

தீவனப்புல் அறுப்பு நடக்கிற சமயத்தில் தீர்ப்பு வந்தது. பொதுவழி இல்லை. மடத்துத் தலைவர் காலத்துப் பத்திரத்திலேயே, 'எம் தயவின்பேரில் செல்ல விடுகிறோம்' என்றுதான் இருக்கிறதாம். ஆரம்பம் முதல் கடைசிவரை எல்லாமே அனுமதியின்பேரில் நடந்ததாம். தலைமுறை தலைமுறையாகச் செத்தவரைச் சுமந்ததற்கு எங்களுக்கு மிச்சம் துணிப்பைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் நட எஸ்தர் ஒரு ரோஜாச் செடி வாங்கியிருந்தாள். தொட்டி கனமாக இருந்ததால் நானும் கூடப் போனேன். பார்மிட்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். பழைய பூட்டு போய்ப் புதிதாக இரும்புச் சங்கிலி வந்திருந்தது.

"போகலாமா சார்?" என்றாள் எஸ்தர்.

"மன்னிக்கணும், மிசஸ் டைசன். அது விசாரணை முடியற வரைக்கும் குடுத்த அனுமதி. ஒருத்தருக்குத் தெறந்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவாங்க. வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார்."

"செடி மட்டும் நட்டுட்டு வந்துடறேன்."

"மன்னிக்கணும்," என்றார் மறுபடியும். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நான் அவரைச் சொன்னதை அச்சில் போட முடியாது. அவர் அதற்கும் தலையைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எஸ்தர் கேட்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு செடியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் பப்புக்கு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், இடமில்லாத கூட்டம். கமிட்டி முழுவதும் இருந்தது. அவள் லான்ஸின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"லான்ஸ், கேஸுதான் முடிஞ்சிருச்சே. இனி நான் கார்ல போனா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஒரே ஒரு தரம் கூட்டிட்டுப் போ. அன்னிக்கு நீ பொறுப்புன்னு சொன்னே."

லான்ஸ் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கிட்டயா கேக்கறே? அவருகிட்டயே போய்க் கேளு, எஸ்தர். உனக்குத்தான் கேக்கத் தெரியுமே."

பப் முழுக்கச் சிரித்தது. ஐசக்கின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். பீர் பிடித்துக்கொண்டிருந்த எட்வினும் சிரித்தார். எஸ்தர் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, ஏரிக்குப் போகிற தார்ச்சாலையில் நடந்தாள்.

நான் எட்வினிடம் வேன் சாவிக்குக் கை நீட்டினேன். அவர் பார்க்காத மாதிரி அடுத்த குவளையை எடுத்தார். நான் கவுன்டரில் கிடந்த என் ஏப்ரனை எடுத்து அவர் முகத்தில் எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"நீ திரும்பிப் போ மாவிஸ்," என்றாள், நிற்காமல். "நீ இன்னும் இந்த ஊர்ல இருந்தாகணும்."

"இருந்து என்னத்தைக் கிழிச்சேன்? தொட்டியை இப்படிக் குடு."

தூறல் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் லான்ஸின் கார் வந்தது. எங்கள் மேல் தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று மெதுவாக, நன்றாக ஒதுங்கி எங்களைக் கடந்தான். கண்ணாடி வழியாக அவன் மனைவி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். கார் ஏரிப் பக்கம் வளைந்து மறைந்தது. நாங்கள் இருட்டுவதற்குள் அந்த ஏரியைக்கூடச் சுற்றி முடிக்க மாட்டோம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.